சிறிய முரசணியும் பெரிய களமும்

முரசு என்றவுடன் நமக்கு மூவேந்தர் நினைவே முன்வந்து நிற்கும். வீரமுரசு, நியாயமுரசு, தியாகமுரசு என மூவகை முரசுகளை நம் முன்னோர் வகுத்துரைத்தனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் இளைஞர் கையில் முரசு விளங்குகின்றது. ஆண்டுதோறும் கோடைக் காலத்தில் அவர்கள் அணி அணியாகக் கூடி, முரசு முழக்கியும் பித்தளைக் கொம்பு ஊதியும் கொடி வீசியும் காற்பந்துக் களங்களிற் போட்டியிடுகின்றனர். இத்தகைய கூட்டத்தை அந்நாட்டார் 'டிரம் கோர்' என்பர். நாம் அதனை முரசணி என்று வழங்குவோம்.

முரசணி வேறு, பாண்டு வாத்தியக் குழு வேறு. புல்லாங்குழலும் கிளாரினெட்டும் முரசணியில் இடம்பெறா. கொம்பர், முரசர், கொடியினர் என்னும் முத்திறத்தாரே அதன் உறுப்பினர். பத்து நிமிட அளவுள்ள ஒரு நிகழ்ச்சியை அவர்கள் ஏட்டைப் பாராமல் நெஞ்சில் நிறுத்தி நிகழ்த்துவர். ஊதிக்கொண்டே ஓடுவர், ஓடிக்கொண்டே வட்டமும் சதுரமும் வளைகோடுமாகத் தம்மை அமைத்துக்கொள்வர். நடுவர் அளிக்கும் மதிப்பெண் நூற்றுக்குக் கணக்கிடப்பெறும். நிகழ்ச்சி முழுமையும் காண்பார் உள்ளத்தில் விளைக்கும் பயனுக்கு 40, இசைக்கு 30, காட்சிக்கு 30. முதலிடத்திற்கும் இரண்டாம் இடத்திற்கும் இடையே பத்தில் சில பங்குகளே வேறுபாடாக அமைவதும் உண்டு.

இக்கலை படைவீரரிடமிருந்து தோன்றியது. முதல் உலகப் போரில் ஈடுபட்டு மீண்ட வீரர்கள் 1919-ஆம் ஆண்டில் 'அமெரிக்கன் லீஜன்' என்னும் கழகத்தை நிறுவினர். போர்க்களத்திற் பழகிய முரசையும் ஊதுகொம்பையும் அவர்கள் ஊர்வலங்களில் முழக்கினர். பின்னர்த் தம் ஊர்ச் சிறுவர்க்கும் கற்பித்தனர். மாதா கோயில்களும் சாரணர் படைகளும் இவ்வணிகளை ஆதரித்தன. நூற்றுக்கணக்கான ஊர்களில் முரசணிகள் தழைத்தன. வீரர் கழகங்கள் வகுத்த விதிகள் இளைஞர்க்கு இறுக்கமாகத் தோன்றவே, அணித்தலைவர் சிலர் 1971-இல் தனித்துக் கூடித் தமக்கென ஒரு பொது அமைப்பைக் கண்டனர். 'டிரம் கோர் இன்டர்நேஷனல்' என்பது அதன் பெயர். அவ்வமைப்பின் முதற் பெரும்போட்டி 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டர் என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது. அனாகைம் கிங்ஸ்மென் அணி முதலிடமும், லாக்ராஸ் நகரத்துப் புளூ ஸ்டார்ஸ் அணி இரண்டாம் இடமும் பெற்றன. இவ்விரண்டாம் அணியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் அதனைக் காண்போம்.

எல்லா அணிகளும் ஒரே தகுதியின அல்ல. ஆதலால் பிரிவுகள் ஏற்பட்டன. முன்னாளில் ஆள்தொகையே பெரும்பாலும் அளவுகோலாக இருந்தது. 60 பேருக்கு மேற்படாத அணிகள் கடைப்பிரிவில் நின்றன. உறுப்பினர்தொகையின் உச்ச எல்லை நெடுங்காலம் 128 ஆக இருந்தது. பின்னர் 150 ஆயிற்று. அதன் பின்னும் சற்றே உயர்ந்தது. 2008 முதல் மேற்பிரிவுக்கு 'உலகப் பிரிவு' என்றும், கீழ்ப்பிரிவுக்குத் 'திறந்த பிரிவு' என்றும் பெயர். கீழ்ப்பிரிவினர் மேலே செல்ல விரும்பினால், பொது அமைப்பார் அவர்தம் பொருள்நிலை, நிருவாகம் முதலியவற்றை ஆராய்ந்த பின்னரே இசைவளிப்பர்.

இனி வினாவிற்கு வருவோம். ஆகஸ்டுத் திங்களில் போட்டிகள் முடிகின்றன. பேருந்துகளைக் கழுவி அனுப்பிய பின், இலையுதிர் காலத்து மாலை ஒன்றில் ஒரு சிறிய அணியின் குழுவினர் மேசையைச் சுற்றி அமர்கின்றனர். கொம்பர் 24, முரசர் 14, கொடியினர் 12. ஆக 50 பேர் கொண்ட அணி என்று கொள்வோம். திறந்த பிரிவில் அவ்வணி நற்பெயர் ஈட்டிவிட்டது. “வரும் ஆண்டில் மேற்பிரிவுக்குச் செல்வோமா?” என்று ஒருவர் கேட்கின்றார். அன்றிரவு அக்கூட்டம் எளிதில் முடிவதில்லை.

செல்லவேண்டும் என்பார் கூற்றை முதற்கண் கேட்போம். வல்லாரோடு நின்றாலன்றி வல்லமை வளராது என்பது அவர்தம் முதல் வாதம். பழைய வாதமாயினும் பிழையான வாதமன்று. தன்னூர்ப் பள்ளியில் முதல்வனாக நின்ற மாணவன், பெரிய ஊரின் பள்ளியிற் சேர்ந்த பிறகே தன் நிலையை உணர்கின்றான். இரண்டாம் வாதம் இதனினும் வலிமை உடையது. சிறிய அணியிற் பயின்று தேர்ந்த இளைஞன் பதினெட்டு வயதில் பெரிய அணியை நாடிப் போய்விடுகின்றான். முரசணியில் வயதெல்லை உண்டு. இருபத்திரண்டைக் கடந்தவர்க்கு அங்கே இடமில்லை. எஞ்சிய கோடைகள் மூன்றோ நான்கோ என்று அறிந்தவன், அவற்றை உயர்ந்த களத்திற் கழிக்க விரும்புதல் இயல்பு. ஆண்டுதோறும் விளைந்த கதிரைப் பிறர் அறுத்துச் செல்ல, இவ்வணி மீண்டும் மீண்டும் நாற்றங்கால் இடுகின்றது. “நாமே மேலே சென்றால் நம் பிள்ளைகள் நம்மிடமே இருப்பார்கள்” என்று ஆசிரியர் கூறுவது வெறும் புகழாசையன்று. பல ஆண்டு உழைத்தவரின் ஏக்கம் அது.

வேண்டா என்பார் பெரும்பாலும் முதலிற் கூறும் தடை ஒலியைப் பற்றியது. “எழுபது கொம்புகள் முழங்கும் களத்தில் நம் இருபத்துநான்கு கொம்புகள் எம்மட்டு?” என்பர். இத்தடை கேட்பதற்குப் பெரிதாயினும் ஆராய்ந்தால் சிறிதாகும். ஒலியின் அளவை டெசிபெல் என்னும் அலகால் கணிப்பர். ஒத்த வலிமையோடு ஊதுவோர் தொகை இருமடங்கானால் ஒலி 3 டெசிபெல் அளவே உயரும். மும்மடங்கானால் ஏறத்தாழ 5. நம் செவிக்கு ஓசை இருமடங்காகத் தோன்ற வேண்டுமாயின் 10 டெசிபெல் உயர வேண்டும்; அதற்கு ஊதுவோர் பதின்மடங்காக வேண்டும். ஆகவே 72 பேர் கொண்ட கொம்பணி 24 பேர் கொண்ட கொம்பணியைப் போல மும்மடங்கு ஒலிப்பதாக எவர் செவியும் உணராது. மேலும் 2004 முதல் ஒலிபெருக்கிக்கு இசைவு உண்டு.

சிறிய அணிக்கு இயற்கையே அளித்த நன்மையும் ஒன்றுண்டு. களத்தின் நீளம் 100 கெஜம்; ஏறத்தாழ 91 மீட்டர். ஒலி நொடிக்கு 340 மீட்டர் அளவே செல்லும். களத்தின் ஒரு கோடியில் எழுந்த முரசொலி மறுகோடியை அடைய நொடியில் கால்பங்குக்குச் சற்று மிகுதியாகிறது. நிமிடத்திற்கு 120 அடி என்னும் நடையில் ஓரடிக்கு உரிய காலம் அரை நொடியே. ஆகவே இருகோடியிலும் நிற்போர் தத்தம் செவியை நம்பி வாசித்தால், அவர்களிடையே பாதி அடிக்கு மேல் பிசகு நேரும். விரைந்த நடையாயின் கேட்கவே வேண்டா. இது கருதியே பெரிய அணியினர், முன்னே நிற்போர் பின்னேயுள்ள முரசின் ஒலி தம்மை வந்தடையும்வரை காத்து, அதனோடு இயைந்து ஊதுமாறு பயிற்றுகின்றனர். ஒலியை வாங்கி ஊதும் இப்பயிற்சி திங்கட்கணக்கில் நடைபெறும். நம் 24 கொம்பரோ 17 மீட்டர் அகலத்துள் நெருங்கி நிற்கலாம். அவர்களிடையே ஒலிப்பிசகு நொடியில் இருபதில் ஒரு பங்கே.

ஆயினும் நெருங்கி நின்றால் எஞ்சிய களம் வெறிச்சோடிக் கிடக்கும். பரந்து நின்றால் கோடு அறுபடும். காட்சிக்கு உரிய மதிப்பெண்ணில் சிறிய அணி இடர்ப்படுவது இங்கேதான். ஒருவன் காலடி தவறினால் 150 பேர் நடுவில் அது மறையக்கூடும்; 50 பேர் நடுவில் மறையாது. நடுவர் தாள்களில் 'என்ன செய்தனர்', 'எத்துணைச் செம்மையாகச் செய்தனர்' என்னும் இரண்டும் கணிக்கப்பெறுகின்றன. முற்காலத்தில் ஒவ்வொரு பிழைக்கும் பத்தில் ஒரு பங்கு கழிக்கும் முறை இருந்தது. எளியதைப் பிழையின்றிச் செய்த அணி அம்முறையில் தலைநிமிர்ந்து நிற்க முடிந்தது. 1980-களின் நடுவில் அம்முறை நீங்கியது. அருமையானதைச் செய்வோர்க்கே இன்று மதிப்பு மிகுதி. மேற்பிரிவுக்கு ஏறிய ஆசையில் தம் ஆற்றலுக்கு மிஞ்சிய நிகழ்ச்சியை மேற்கொண்ட அணி, செய்த அருமைக்கும் மதிப்பெண் பெறாது, செம்மையையும் இழக்கும்.

ஒலியும் காட்சியும் ஒருபுறம் இருக்க, மேசையின் ஓரத்தில் கணக்கேட்டோடு அமர்ந்திருப்பவர் யாது சொல்கின்றார் என்று கேட்போம். என் எண்ணத்தில் அக்கூட்டத்தின் உண்மையான தலைவர் அவரே.

மேற்பிரிவு அணி சூன் திங்கள் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நாடு முழுவதும் சுற்றும். இரவில் போட்டி முடியும். உறுப்பினர் பேருந்தில் ஏறுவர். உறங்கிக்கொண்டே சில நூறு மைல்கள் கடப்பர். விடியுமுன் வேறோர் ஊர்ப் பள்ளியின் விளையாட்டுக்கூடத்தில் இறங்கித் தரையில் பாய் விரித்து உறக்கத்தைத் தொடர்வர். காலையில் எழுந்து வெயிலிற் பயிற்சி, மாலையில் சீருடை, இரவில் மீண்டும் போட்டி. அணிக்குப் பின்னே சமையலறையாக மாற்றப்பெற்ற பெருவண்டி ஒன்று வரும். கடும் உழைப்பாதலின் நாளொன்றுக்கு நான்கு வேளை உணவு. 50 பேருக்கு நாளொன்றுக்கு 200 தட்டு. எட்டு வாரத்திற்கு 11,200 தட்டு. ஆசிரியரும் வண்டியோட்டிகளும் இக்கணக்கிற் சேரவில்லை. சமைப்போர் யாவர்? பெரும்பாலும் உறுப்பினரின் தாய்தந்தையர். தம் அலுவலில் விடுப்பெடுத்து, வண்டிக்குள் அடுப்பு வெம்மையில் நின்று, பெற்ற பிள்ளைக்கும் பிறர் பிள்ளைக்கும் ஒருசேர ஆக்கிப் படைக்கின்றனர். போட்டியின் மதிப்பெண் தாளில் இவர்கட்கு ஒரு வரியும் இல்லை.

திறந்த பிரிவில் பயணம் குறுகியது. பெரும்பாலும் அருகுள்ள மாநிலங்களோடு நிற்பது. மேற்பிரிவில் வாரங்கள் பெருகும். பேருந்து வாடகையும் எண்ணெய்ச் செலவும் பெருகும். ஆசிரியர் தொகையும் பெருகும். உறுப்பினர் செலுத்தும் கட்டணம் பல ஆயிரம் டாலராக ஏறும். கட்டணம் ஏறினால் யார் நிற்பர், யார் நீங்குவர் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பொருள் முடை பெரிய அணிகளையும் விடுவதில்லை. 1967-இல் தோன்றிய சாந்தா கிளாரா வான்கார்டு என்னும் கலிபோர்னிய அணி பன்முறை முதலிடம் பெற்றது, 2018-இலும் பெற்றது. அத்தகைய அணியே பொருள் நெருக்கடியால் 2023-ஆம் ஆண்டுக் கோடையில் களத்தில் இறங்கவில்லை. கணக்கைத் திருத்திக்கொண்டு 2024-இல் மீண்டது. போட்டிக் காலம் தொடங்குமுன் 'இவ்வாண்டு இயலாது' என்று கூறத் துணிவு வேண்டும். அவ்வணியார்க்கு அத்துணிவு இருந்தது. தொடங்கிய பின் பாதி வழியிற் பணம் தீர்ந்தால் நேரும் துன்பம் கொடிது. வீட்டிலிருந்து ஆயிரம் மைல் தொலைவில், அறியாத ஊரில், தன் கோடை முடிந்தது என்று கேட்கும் பதினாறு வயதுப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். மேலே செல்லும் முடிவு பெரியோர் கையில். முடிவின் சுமையோ அவ்வாண்டுப் பிள்ளைகளின் தலையில். நன்மை விளையுமாயின் அதனைத் துய்ப்பவர் பெரும்பாலும் பின்னர் வரும் பிள்ளைகள். இருபத்தொரு வயதினன் ஒருவன் தன் கடைசிக் கோடையை அணியின் வருங்காலத்திற்கு முதலாக வைக்கின்றான். அவனைக் கேட்டோமா என்பதை அக்குழுவினர் தம்முள் வினவிக்கொள்ளுதல் தகும்.

இதனினும் ஆழமான செய்தி ஒன்று உண்டு. சிறிய அணியின் வாயில் அகன்றது. கொம்பைப் பிடிக்கத் தெரியாத பதினான்கு வயதுச் சிறுமி வந்தாலும் 'வா' என்று சொல்லி இடம் தருவது அது. ஆள் குறைவு, ஆதலால் யாரையும் திருப்பி அனுப்ப அதற்கு மனமில்லை. மேற்பிரிவு அணியோ தேர்வு வைத்து ஆள் எடுக்கும். கல்லூரியில் இசையையே பாடமாகப் பயிலும் இளைஞரோடு அச்சிறுமி போட்டியிட வேண்டும். அவள் தோற்பாள். 50 பேர் அணி 120 பேர் அணியாக வளர்ந்து, தொலைவிலிருந்து தேர்ந்த இளைஞர் வந்து குழுமிய பின், அவ்வூர்ச் சிறுமிக்கு அங்கே இடமில்லை. அணியின் பெயர் ஊரின் பெயராகவே இருக்கும். ஊரோ அணியில் இராது. இதனைப் பற்றிக் குழுக்கூட்டங்களில் எவரும் பேசுவதில்லை. ஏனெனில் அடுத்த ஆண்டு வரவிருக்கும் அச்சிறுமி அம்மேசையருகே இல்லை.

அங்ஙனமாயின் சிறிய அணி என்றும் சிறியதாகவே இருத்தல் வேண்டுமா? அவ்வாறும் நான் கூறேன். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன புளூ ஸ்டார்ஸ் அணியைக் காண்க. மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள லாக்ராஸ் நகரில் 1964-இல் தோன்றி, 1972-இல் நாட்டின் இரண்டாம் அணியாக விளங்கிய அது, பின்னர்த் தேய்ந்தது. மேல்நிலையை இழந்தது, சிறிய அணிகளோடு சிறிய அணியாக ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேல் காலங் கழித்தது. அதனோடு தொடங்கிய அணிகள் பல அக்காலத்திற் பெயரும் இன்றி மறைந்தன. புளூ ஸ்டார்ஸ் மறையவில்லை. தாழ்ந்த பிரிவில் நிற்பதை இழிவாகக் கருதாமல், உள்ள பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டு, கடனில் மூழ்காமல் இருந்தது. இரண்டாயிரத்தின் முதற் பத்தாண்டினிடையே மீண்டும் மேற்பிரிவை அடைந்தது. 2008-இல், ஏறத்தாழ முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பின், இறுதிச் சுற்றின் பன்னிரண்டு அணிகளுள் ஒன்றாகி எட்டாம் இடம் பெற்றது. அவ்வாண்டு அவர்கள் எடுத்த பொருள் பிரெஞ்சு நாட்டு மிதிவண்டிப் பந்தயம். களத்தில் மிதிவண்டிகளே ஓடின. நெடுந்தொலைவுப் பந்தயத்தைப் பாட அவர்களினும் உரியார் யாவர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வாயில் அடைபடாமல் மேலேறும் வழியையும் சிலர் கண்டுள்ளனர். கலிபோர்னியாவின் கான்கார்டு நகரத்துப் புளூ டெவில்ஸ், மேற்பிரிவில் மிகப் பன்முறை முதலிடம் பெற்ற அணி. அவ்வணியார் தம் பெயரிலேயே இரண்டாம் அணி, மூன்றாம் அணி என இளையோர் அணிகளையும் நடத்துகின்றனர். அவை திறந்த பிரிவில் நிற்கின்றன. அயோவா மாநிலத்து டியூபியூக் நகரத்துக் கோல்ட்ஸ் அணிக்கும் அவ்வாறே ஓர் இளையோர் அணி உண்டு. தேர்ந்தவன் மேலணிக்குச் செல்கின்றான். புதியவள் கீழணியில் கொம்பைப் பிடிக்கக் கற்கின்றாள். ஆயினும் இதற்கு இரட்டிப்பு வண்டி, இரட்டிப்பு அடுப்பு, இரட்டிப்புப் பெற்றோர் வேண்டும். 50 பேர் கொண்ட அணிக்கு ஓராண்டில் இது கைகூடாது.

எனவே, அக்குழுவினர் என்னைக் கேட்டால், கணக்கேட்டை வைத்திருப்பவரிடம் மூன்று வினாக்களைக் கேட்கச் சொல்வேன். ஒரு கோடைக்குரிய முழுச் செலவு, முதற் பேருந்து புறப்படுமுன் கையில் உள்ளதா? எட்டு வாரமும் அடுப்பருகே நிற்பவர் பெயர்களை இன்றே எழுத முடியுமா? வரும் ஆண்டில் கொம்பறியாத பத்துப் பிள்ளைகள் வந்தால் எங்கே நிறுத்துவோம்? மூன்றில் ஒன்றற்கு விடை இல்லையாயினும் இன்னும் ஓராண்டு திறந்த பிரிவிலேயே நிற்கலாம். மதிப்பெண்ணைப் பற்றிய வினா இம்மூன்றனுள் ஒன்றன்று.

“அப்படியாயின் நாம் வல்லாரோடு நிற்பது எந்நாள்?” என்று ஆசிரியர் வருந்துவார். அதற்கும் இடமுண்டு. அண்மை ஆண்டுகளில் திறந்த பிரிவின் போட்டி முடிந்த அதே வாரத்தில், அப்பிரிவின் அணிகளும் இந்தியானாபொலிசு நகரத்துப் பேரரங்கில் உலகப் பிரிவினரோடு முதற் சுற்றில் நிற்கின்றன. நடுவரும் களமும் பொது, தரவரிசையும் ஒன்றே. முதல் 25 இடங்களுள் வந்த அணி, எப்பிரிவினதாயினும், மறுநாள் அரையிறுதிச் சுற்றுக்குச் செல்லும். திறந்த பிரிவு அணிகள் சில அவ்வாறு சென்றும் உள்ளன. பிரிவின் பெயரை மாற்றாமலே, கட்டணத்தை உயர்த்தாமலே, தம் ஆற்றலை ஒரு நாள் அளந்து பார்க்கலாம். சிறிய அணிகளின் முறை காலையிலேயே வந்துவிடும். இருக்கைகள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். நம் ஐம்பதின்மர் களத்தில் இறங்கும்போது அரங்கில் இருப்போர், முந்தைய இரவு அவர்களுக்குச் சோறாக்கிய பெற்றோர் சிலரும், தம் முறைக்கு முன்னே வந்து அமர்ந்த பெரிய அணி இளைஞர் சிலருமே. அவ்விளைஞருள் ஒருவன் எழுந்து நின்று கைதட்டுகின்றான். நான்காண்டுக்கு முன் இதே சிறிய அணியிற் கொம்பு பிடிக்கக் கற்றவன் அவன்.